லீக்ஸ் வாந்தி எடுக்காது

எங்கள் மாமாவுக்கு அந்தக் காலத்தில் இரண்டே இரண்டு பறவைகளைத்தான் தெரியும். ஒன்று காகம், மற்றது கோழி. கோழியையும் குழம்பில் போட்ட பிறகுதான் சரியாக அடையாளம் சொல்லுவான் என்பார் அப்பா. அப்படிப்பட்ட மனிதர் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பறவை காட்டும் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினாரென்றால், அதற்குக் காரணம் எந்தப் பறவையும் இல்லை. மஸ்கெலியாவில் இருந்த ஒரு பெண்தான்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில், எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பராவில் இருந்தார். ஒரு முதலாளியின் லொறியில் லீக்ஸும் கரட்டும் கோவாவுமாக மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்குப் போய்வருவதுதான் அவர் வேலை. முதலாளி லொறியை விற்றதும் மாமா வாசலில் உட்கார்ந்துவிட்டார். அதற்குச் சற்று முன்புதான் மஸ்கெலியாவில் பெண் பார்த்து, வெற்றிலை பாக்கு மாற்றுவது வரைக்கும் பேச்சு வந்திருந்தது. பெண்ணுக்கு மாமாவைப் பிடித்துப் போயிற்று. மாமாவுக்கு அதைவிடப் பிடித்துப் போயிற்று. பெண்ணின் அப்பாதான் குறுக்கே நின்றார். மாசச் சம்பளம் உள்ள வேலை பொங்கலுக்குள் கிடைத்தால் வாருங்கள், இல்லாவிட்டால் எங்களுக்கு வேறு இடம் பேசி வருகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமா அன்றிலிருந்து சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனார். அம்மா அவரைத் திட்டுவாள், பிறகு அடுப்படியில் போய் மூக்கைச் சிந்துவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தோட்டத்து உச்சியில் இருந்த பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். புது வேன் ஒன்றும் வாங்கியிருந்தார்கள், அதற்கு டிரைவர் தேவைப்பட்டது. மேனேஜர் ஒரு சிங்கள மனிதர். நல்ல உயரம், நல்ல அமைதி. ஒரு நாள் பின்னேரம் எங்கள் லயத்து வாசலுக்கே வந்து மாமாவைக் கூப்பிட்டார். தமிழை அவர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகத் தரையில் வைத்து எடுப்பது போலப் பேசுவார்.

“ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியும். அது நான் பார்த்தது. ஆனா நீ ஏத்தினது லீக்ஸ். லீக்ஸ் வாந்தி எடுக்காது. மூத்திரம் வருது, நிப்பாட்டுன்னு சொல்லாது. மனுசன் அப்பிடி இல்ல” என்றார். பிறகு, “இங்க வர்ற வெள்ளக்காரங்க கடல் பக்கம் போய் குருவி பாக்கணும்னு கேக்கிறாங்க. வர்ற ஞாயித்துக்கெழம என்னைக் கூட்டிக்கிட்டுப் போய் காட்டு. பார்ப்பம்” என்றார்.

நான் வாசற்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் குருவி மட்டும்தான் காதில் விழுந்தது. உள்ளே அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்த சத்தம் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி தொடங்கியது.

அந்த வாரம் முழுக்க மாமா போனில் பறவைப் படங்களைப் பார்த்துப் பாடமாக்கினார். கேள்வி கேட்பது நான். பள்ளிக்கூடத்தில் எப்போதும் கேள்வி வாங்கியே பழக்கப்பட்டவளுக்கு, மீசை வைத்த ஒரு ஆளைக் கேள்வி கேட்பது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! நான் படத்தைக் காட்டுவேன். மாமா கண்ணை மூடி யோசிப்பார். “நாரை” என்பார். அடுத்த படம். அதுவும் நாரை. கழுகைக் காட்டினேன், “இது கொஞ்சம் கோவக்கார நாரை” என்றார். அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை மாலை அவள் ஒரு குண்டைப் போட்டாள். “நாளைக்கு நாங்களும் வர்றோம்.”

எங்கள் தோட்டத்தில் ஒரு வேன் காலி சீட்டோடு வெளியே போவது என்பது வடித்த சோற்றைக் குப்பையில் கொட்டுவது மாதிரி. யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வேனில்கூட, நோயாளிக்குப் பக்கத்திலேயே செருப்பு வாங்க நுவரெலியா போகிறவர்கள் நாலு பேர் ஏறியிருப்பார்கள். அதனால் அம்மா சொன்னதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் சொன்னது அம்மா. பஸ் என்றாலே அவளுக்கு ஆகாது. நல்லது கெட்டதென்றால் அப்பாவை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துகொள்வாள்.

“நுவரெலியா போறதுக்குள்ளயே ஒனக்கு கொடலு வெளிய வந்துரும். கடல் வரைக்கும் எப்பிடி வருவ?” என்றார் அப்பா.

“வந்தா வரட்டும். ஊரே குருவி பாக்குது, நான் மட்டும் பாக்கக் கூடாதா?”

மாமா அலறிவிட்டார். “அக்கா, வேணாங்க்கா! இது எனக்குப் பரீட்சை மாதிரி!”

“பரீட்சைன்னா நாலு பேரு கூட இருந்தாத்தான்டா தைரியம்” என்று சொல்லிவிட்டு அம்மா மாவு பிசையப் போய்விட்டாள். அவள் மாவு பிசையப் போய்விட்டால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

விடியக் கருக்கலில் நாங்கள் பங்களா வாசலில் வரிசையாக நின்றோம். அம்மா தேர்த் திருவிழாவுக்குக் கட்டும் மஞ்சள் சேலையில், அப்பா வெள்ளை வேட்டியில், நான் சரிகை வைத்த பாவாடையில், என் தம்பி சிவப்புச் சட்டையில். பறவை பார்க்கப் போகிறவர்கள் புல்லோடு புல்லாகத் தெரிகிற நிறத்தில் உடுத்த வேண்டுமாம். அது பின்னால் தெரிந்தது. நாங்கள் ஒரு பயணத்துக்குப் போகிறவர்கள் எப்படி உடுத்த வேண்டுமோ அப்படி உடுத்தியிருந்தோம்.

“மாத்தையா, வேன் சும்மாதானுங்களே போகுது?” என்று அம்மா கேட்டாள். மேனேஜர் எங்களைப் பார்த்தார், ரொட்டி மூட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார். “ஏறுங்க, ஏறுங்க” என்றார் மேனேஜர்.

ஏறுவதற்கு முன்னால் இன்னொரு வேலை இருந்தது. நாங்கள் போகிற இடம் சதுப்பு நிலம், முழங்கால் வரைக்கும் ஈரம் என்று மாமா சொல்லியிருந்தார். ஈரம் என்றால் எங்கள் ஊரில் அட்டை. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலில் சவர்க்காரம் தேய்க்காமல் மலை ஏற மாட்டார்கள். அம்மா ஒரு சிவப்புச் சவர்க்காரக் கட்டியை எடுத்து எங்கள் எல்லாருடைய காலிலும் முழங்கால் வரை தேய்த்தாள். அப்புறம் அதை மேனேஜரிடம் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மூன்று மொழிகள் தெரியும். ஆனாலும் அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. காற்சட்டையை மடித்துவிட்டுத் தானும் தேய்த்துக்கொண்டார்.

கோயிலடியில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்பட்டோம். மேனேஜர் முன் சீட்டில், கழுத்தில் பைனாகுலரோடு. அம்மா அவருக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள். “வாந்தி எடுத்தா மாத்தையா மேல படும், பின்னால வா” என்று அப்பா சொல்லியும் கேட்கவில்லை.

அம்மா பேசிக்கொண்டே வந்தாள். மேனேஜருக்கு எத்தனை பிள்ளைகள், பங்களாவில் பேய் இருக்கிறதாமே, வெள்ளைக்காரர்கள் நிஜமாகவே உறைப்பில்லாமல்தான் சாப்பிடுகிறார்களா. அவர் எல்லாவற்றுக்கும் “ம்” என்றார். வெலிமடைக்கு முன்னாலேயே மாமா வேனை ஓரமாக நிறுத்தினார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இறங்கி வந்து கதவைத் திறந்து, அம்மாவின் தோளைப் பிடித்து இறக்கினார். அவள் குனிந்தாள். மாமா நெற்றியைத் தாங்கிக்கொண்டார். வாய் கொப்பளிக்கத் தண்ணீர், பிறகு உப்பில் ஊறிய நெல்லிக்காய். எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்திருந்தார்.

“எப்பிடி தெரியும்?” என்றார் மேனேஜர், வேன் மறுபடி கிளம்பியதும்.

“அக்கா பேச்சு நின்னுருச்சுங்களே மாத்தையா. அது நின்னா நாமளும் நிப்பாட்டிறணும்.”

இப்படியே பண்டாரவளை, எல்ல, வெல்லவாய. மலை முடிந்து சமவெளி வரும்வரைக்கும் அம்மா நிறையத் தடவை பேச்சை நிறுத்தினாள். மாமா ஒரு தடவையாவது முகம் சுளிக்க வேண்டுமே! தம்பி மூத்திரம் என்று சொல்வதற்கு முன்னாலேயே கண்ணாடியில் அவன் நெளிவதைப் பார்த்து மரத்தடியாகப் பார்த்து நிறுத்தினார். எனக்கோ ஒரே ஆத்திரம். இப்படி நின்று நின்று போனால் பறவைகளெல்லாம் எழுந்து வேலைக்குப் போய்விடுமே என்று பயந்தேன்.

களப்பைப் பார்த்ததும் எல்லாம் மறந்து போயிற்று. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு மலை வந்து கண்ணை மறிக்கும். இங்கே மறிக்க ஒன்றுமே இல்லை. தட்டையான தண்ணீர், அதற்கப்பால் தட்டையான தண்ணீர், அது முழுக்க வெள்ளையும் கறுப்பும் சாம்பலுமாகப் பறவைகள். “ஆத்தாடி!” என்றேன் நான்.

மேனேஜர் பைனாகுலரை எடுத்து, “ம், சொல்லு. அது என்ன?” என்று கையை நீட்டினார். ஒற்றைக் காலில் அசையாமல் ஒரு பெரிய பறவை நின்றது. ஒரு வாரப் பாடமும் மாமாவின் தலையிலிருந்து ஆவியாகப் போய்விட்டது என்பது அவர் காதோரத்து வியர்வையில் தெரிந்தது. தொண்டையைச் செருமினார்.

“அது வந்துங்க, கங்காணி நாரை.”

“கங்காணியா?”

“ஆமாங்க. வேல செய்யாது. மத்ததெல்லாம் வேல செய்யறத நின்னு பாக்கும்.”

மேனேஜர் “ம்” என்றார். மாமாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. கரையோரமாகக் குடுகுடுவென்று ஓடிய சின்னப் பறவை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்திய குருவி ஆயிற்று. பட்டுப்போன மரத்தில் இரண்டு சிறகையும் விரித்து வெயில் காய்ந்த கறுப்புப் பறவைக்குப் படங்கு காயப்போடும் காக்கா என்று பெயர் வைத்தார். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் சாக்கு அது, அம்மா மழை நாளில் அப்படித்தான் விரித்துப் போடுவாள். சத்தியமாகப் பொருத்தமாகத்தான் இருந்தது. நான் எல்லாப் பெயரையும் மனதில் பதித்துக்கொண்டேன். படத்தில் பார்த்த இளஞ்சிவப்புப் பூநாரை மட்டும் எங்கேயும் இல்லை. அது எங்கே என்று மேனேஜர் கேட்டார்.

“இன்னிக்கு ஞாயித்துக்கெழமைங்களே. லீவு போல” என்றார் மாமா.

தண்ணீரோரமாக இறங்கினோம். நல்ல வெயில். கொஞ்ச தூரம் போனதும் என் காலைச் சுற்றி வெள்ளையாக நுரை மிதந்தது. தம்பி காலிலும் நுரை. மேனேஜர் நின்று, தன் காலைக் குனிந்து பார்த்தார். துணி துவைக்கிற பீலிக்கரை மாதிரி அவரைச் சுற்றியும் நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

“இங்க அட்டை இல்ல” என்றார் அவர், மெதுவாக.

“அதாங்க மாத்தையா, சவுக்காரம் போட்டதால ஒண்ணுகூட வரல பாருங்க!” என்றாள் அம்மா, பெருமையாக. மேனேஜரின் உதடு கொஞ்சம் கோணியது. கோபம் என்று நினைத்தேன்.

அதோடு போகவில்லை. தூரத்தில் கூழைக்கடாக்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. முதலில் பார்த்தது நான்தான், அதை இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேனேஜர் என்னைக் கூட்டிக்கொண்டு பூனை மாதிரி அடி வைத்து முன்னால் போனார். பைனாகுலரை எனக்கே தந்தார். அந்தப் பெரிய அலகுப் பையும் சின்னக் கண்ணும் பக்கத்தில் வந்து நின்றன. நான் மூச்சுக்கூட விடவில்லை. அந்த நேரத்தில் பின்னாலிருந்து மாமாவைக் கூப்பிட்டு அம்மாவின் குரல் கிளம்பியது. ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்குச் செய்தி சொல்லிப் பழகிய குரல் அது.

“டேய் தம்பீ! மாத்தையா வெயில்ல நிக்கிறாருடா! கொடையப் புடீ!”

களப்பே எழுந்துவிட்டது. கங்காணி, படங்குக் காக்கா, பெரட்டுக்குப் பிந்தியது, எல்லாம் ஒன்றாக மேலே கிளம்பின. சிறகடிப்புக் காற்று எங்கள் முகத்தில் பட்டது. வெயிலே ஒரு நிமிடம் மங்கிப்போயிற்று. அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, சந்தோஷத்தில் குதித்தேன். மாமா கையில் விரித்த குடையோடு நடுவழியில் நின்றுவிட்டார். தண்ணீரில் ஒரு பறவை மிச்சமில்லை. முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. மஸ்கெலியாப் பெண்ணும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து பறந்து போனது போலத்தான் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் வந்து மேனேஜருக்குக் குடை பிடித்தார்.

பிறகு கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக் குன்றில் ஏறினோம். கீழே அலை அடித்தது. எதிரே கடலுக்குள் நின்ற பாறைகளில் வெள்ளை வெள்ளையாக ஆலாக்கள் உட்காருவதும் எழுவதுமாக ஒரே கூச்சல். அம்மா கடலை ஒரு தரம் பார்த்தாள். “இவ்வளவு தண்ணியும் உப்பா? அநியாயம்” என்றாள். எங்கள் லயத்தில் ஒரு குடம் தண்ணீருக்குக் குழாயடியில் நடக்கிற சண்டை அவளுக்குத்தானே தெரியும். மாமா ஒரு கையால் ஆலாக்களைக் காட்டி ஏதோ பெயர் சொல்லிக்கொண்டிருந்தார், குரலில் உயிரே இல்லை. மற்றக் கை தம்பியின் காற்சட்டைப் பட்டியைப் பிடித்திருந்தது. விளிம்புக்கு ஓடப் பார்த்த தம்பி அந்தக் கையிலேயே பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

பாறை நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம். மேனேஜர் நன்றாகவே சாப்பிட்டார். திரும்பும்போது மாமா ரோட்டையே பார்த்து ஓட்டினார். எல்ல ஏற்றத்தில் வளைவுக்கு மேல் வளைவு வந்துகொண்டிருந்தது. அம்மா இந்தத் தடவை பேச்சை நிறுத்தாமல் ஏதோ முனகிக்கொண்டே வந்தாள். திடீரென்று மாமா வேனை ஓரம் கட்டினார்.

“அக்கா பேசிக்கிட்டுத்தானே வர்றாங்க?” என்றார் மேனேஜர்.

“நீங்க எறங்குங்க மாத்தையா” என்றார் மாமா.

“எனக்கு ஒண்ணும் இல்ல” என்று சொல்லிக்கொண்டே இறங்கிய மேனேஜர், மதகுக் கட்டைப் பிடித்துக் குனிந்தார். ரொட்டியும் சம்பலும் பள்ளத்துக்குப் போயின. மாமா அவருடைய நெற்றியையும் தாங்கிக்கொண்டார். அதே தண்ணீர், அதே நெல்லிக்காய். சம்பல் உறைப்பு கூடிவிட்டதோ என்று அம்மா கவலைப்பட்டாள்.

பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார வைத்தோம். முகத்தில் நிறம் திரும்பியதும் மேனேஜர், “ஒனக்கு எப்பிடி தெரிஞ்சது? எனக்கே தெரியாதே” என்றார்.

“ரெண்டு வளைவுக்கு முன்னுக்கே நீங்க சட்டப் பொத்தானத் தொறந்தீங்க. அப்பறம் கண்ணாடிய எறக்கினீங்க” என்றார் மாமா. சொல்லிவிட்டு, எப்படியும் போன வேலைதானே என்று நினைத்தாரோ என்னவோ, மனசில் இருந்ததையும் கொட்டிவிட்டார். “மாத்தையா, எனக்குக் குருவி ஒண்ணுமே தெரியாதுங்க. கங்காணி, படங்கு எல்லாம் நானா வச்ச பேருங்க.”

“தெரியும்” என்றார் மேனேஜர். இப்போது உதடு மறுபடி கோணியது, அப்படியே சிரிப்பாகிக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். “குருவி படிச்சிக்கலாம். புத்தகம் நான் தாறன். வெள்ளிக்கெழம ஆக்கள் வாறாங்க. வண்டிய கழுவி வை.”

மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்பா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அம்மா கும்பிட்டாள், மேனேஜரையா, கடைச் சுவரில் மாட்டியிருந்த படத்தையா என்று தெரியவில்லை. பொங்கலுக்கு முன்னாலேயே மஸ்கெலியாவுக்குச் சொல்லியனுப்பி, தை முடிவதற்குள் கல்யாணமும் நடந்தது. அந்தக் கல்யாணத்துக்குக்கூட அம்மா பாதி வழியில், “பாழாப்போன வண்டி, இனிமே செத்தாலும் ஏற மாட்டேன்” என்று மாமாவைத் திட்டிக்கொண்டேதான் வந்தாள். இன்றுவரை ஏறுவதில்லை.

மாமாவுக்கு எப்படி வேலை கிடைத்தது என்பதில் எனக்கு அப்போது ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. கூழைக்கடாவை நான்தானே முதலில் பார்த்தேன்? மேனேஜர் என்னிடம்தானே பைனாகுலரைத் தந்தார்? பள்ளிக்கூடத்தில் கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லாரிடமும், எங்கள் மாமாவுக்கு நான்தான் வேலை எடுத்துக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் வீடு வந்து சேர்ந்ததும் அம்மா வாசலிலேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முகம் வெளிறிக் கிடந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கஷ்டப்பட்டு ஆசையாகப் பார்க்க வந்தவளாயிற்றே என்று நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஒனக்கு எந்தக் குருவிம்மா ரொம்பப் புடிச்சிச்சு?” என்று கேட்டேன்.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“எந்தக் குருவி?” என்றாள்.

பாவம், வாந்தியெடுத்து வாந்தியெடுத்து அவளுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது என்று நினைத்து, அம்மாவுக்குத் தண்ணீர் எடுத்துவர உள்ளே ஓடினேன்.